மலையில இருந்துட்டு சுடறதுக்கு எது வாங்கலாம்: பழைய பாயிண்ட் 22 பிஸ்டலா, ஏர் பிஸ்டலா, கிளப்பா?

போன வருஷம் அப்பாவுக்கு 76 முடிஞ்சப்போ வீட்ல ஒரு பேச்சு கெளம்புச்சு. அவர்கிட்ட இருக்குற பாயிண்ட் 22 பிஸ்டலை (குழல் விட்டம் 0.22 அங்குலம், அதான் அந்தப் பேரு) என் பேருக்கு மாத்திக்கறதா, இல்ல அதை துப்பாக்கி டீலர்கிட்ட ஒப்படைச்சுட்டு நான் வேற ஏதாவது வாங்கிக்கறதான்னு. எனக்கு சுடறதுல சின்ன வயசுல இருந்தே ஆசைங்க, ஆனா வேட்டைக்கும் இல்ல பாதுகாப்புக்கும் இல்ல, பேப்பர் டார்கெட்ல ஓட்டை போடறதுக்கு மட்டும்தான், வாரத்துல ஒரு மணி நேரம் மனசை ஒரே இடத்துல கட்டி வெக்கறதுக்கு அதைவிட நல்ல வழி எனக்கு கெடைக்கல. அதனால அவசரப்படாம ஆறு மாசம் எடுத்துக்கிட்டேன். வெச்சிருக்கறவங்க வீட்டுக்கு போய் பேசுனேன், கோயமுத்தூர் கிளப்புல சுட்டுப் பாத்தேன். கோத்தகிரி, குன்னூர், ஊட்டி, அந்தப் பக்கம் கொடைக்கானல்னு மலையில இருக்கறவங்களுக்கு இந்த முடிவு கீழ இருக்கறவங்க எடுக்குற மாதிரி கெடையாது. ஈரம், குளிர், சுட்டுப் பழகற ரேஞ்சுக்கு போற தூரம், இந்த மூணும் சேர்ந்து கணக்கை வேற மாதிரி ஆக்கிடுது. அதான் எழுதி வெக்கலாம்னு.

முதல்ல அப்பாவோட பிஸ்டல். 1976-ல எஸ்டேட்டை வித்துட்டு ஊருக்கு கெளம்புன ஒரு துரைகிட்ட இருந்து வாங்குனது, அப்பா அப்போ பக்கத்து எஸ்டேட்ல சின்ன துரை, அதாவது அசிஸ்டென்ட் மேனேஜர். ஐரோப்பாவுல செஞ்சது, உள்ளங்கைக்குள்ள அடங்குற சைஸு, மேகஸின்ல 8 தோட்டா. கையில புடிச்சா நல்ல கனம், சுட்டா உதைப்பு ஒண்ணும் பெருசா இல்ல, சத்தம் மட்டும் காதைக் கிழிக்கும், காதுக்கு மஃப் போடாம ஒரு ரவுண்டு கூட சுடக்கூடாது. பாயிண்ட் 22 தோட்டா சின்னதுதானேன்னு நெனைக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், அதுல இருக்குற ஈயக் குண்டு 40 கிரெய்ன், அதாவது ரெண்டரை கிராம் சொச்சம், பிஸ்டல்ல இருந்து வெளிய வரும்போது கிட்டத்தட்ட 100 ஜூல் சக்தி இருக்கும், தடுக்க ஒண்ணும் இல்லேன்னா ஒரு மைலுக்கு மேல போகும். டீ தோட்டத்து சரிவுல, பாறையும் கல்லும் இருக்குற எடத்துல அது எங்க பட்டு எங்க தெறிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது, கீழ் வரிசைல கொழுந்து பறிக்கறவங்க இருப்பாங்க. அதனால சொந்த தோட்டமா இருந்தாலும் அங்க சுடற பேச்சே வேண்டாம், லைசென்ஸ் உள்ள ரேஞ்ச் மட்டும்தான்.

25 மீட்டர்ல அப்பா சுட்டா 5 தோட்டாவும் ஒரு டீ சாஸருக்குள்ள விழும். எனக்கு அதோட ரெண்டு மடங்கு பரவும். குறி பாக்கற சைட்டு ரெண்டும் சின்னதா, கிட்டக்கிட்ட இருக்கறதால கை துளி அசைஞ்சாலும் தெரியாமலே தப்பு பெருசாயிடும். பாக்கெட்ல வெக்கறதுக்காக செஞ்ச பிஸ்டல் அது, டார்கெட்டுக்காக செஞ்சது இல்லைங்கறதை ஞாபகம் வெச்சுக்கணும்.

ஆனா பிரச்சினை குறி வெக்கறதுல இல்ல, தோட்டாவுல. இந்த பாயிண்ட் 22-ல தீ பிடிக்கற மருந்து தோட்டாவோட அடியில நடுவுல இருக்காது, சுத்தி இருக்குற விளிம்புக்குள்ள மெல்லிசா பூசியிருப்பாங்க, ட்ரிகர் இழுத்தா உள்ள இருக்குற பின்னு அந்த விளிம்பை நசுக்கும்போது பத்திக்கும். விளிம்பு முழுக்க மருந்து ஒரே சீரா பரவலேன்னா அந்த எடத்துல அடிச்சும் வெடிக்காது. எங்க வீட்டு பிஸ்டல்ல 50 சுட்டா ஒண்ணு ரெண்டு அப்படி நிக்கும். அப்போ உடனே சிலைடை (பிஸ்டலோட மேல, முன்னும் பின்னும் நகர்ற பாகம்) இழுக்கக் கூடாதுங்க, டார்கெட்டை நோக்கியே புடிச்சுக்கிட்டு அரை நிமிஷம் காத்திருக்கணும், லேட்டா வெடிக்கற தோட்டாவும் உண்டு. அப்பறம் இன்னொண்ணு, காலி சேம்பர்ல, அதாவது தோட்டா உக்கார்ற எடத்துல ஒண்ணும் இல்லாம, ட்ரிகர் இழுத்துப் பழகறது மருந்து நடுவுல இருக்கற சென்டர் ஃபயர்ல பரவால்ல, பழைய பாயிண்ட் 22-ல பின்னு நேரா சேம்பர் விளிம்புல போய் இடிக்கும், நாளடைவுல அங்க ஒரு பள்ளம் விழுந்துடும். வீட்ல ட்ரை ப்ராக்டிஸ் பண்ணணும்னா டம்மி தோட்டா போட்டுத்தான்.

குளிரும் இதுல சேர்ந்துக்கும். தோட்டாவோட ஈயத்து மேல மெழுகு மாதிரி ஒரு பூச்சு இருக்கும், எண்ணெயோட சேர்ந்து அது குளிர்ல இறுகிடும், சிலைடு முழுசா பின்னால போகாம பாதியில திரும்பி வந்து காலி ஷெல் கதவுல மாட்டுன விரல் மாதிரி நிக்கும். மேட்ச்சுக்கு விக்கற வேகம் கம்மியான தோட்டா போட்டா இந்த தொல்லை இன்னும் கூடும், ஏன்னா இந்த மாதிரி குட்டி பிஸ்டல் ஸ்பிரிங்கெல்லாம் வேகமான தோட்டாவுக்கு கணக்கு பண்ணி வெச்சது. தை மாசத்துல அதிகாலைல இறங்கிப்போய் சுட்டா முதல் ரெண்டு மேகஸினுக்கு மாட்டிக்கிட்டே இருக்கும், வெயில் ஏறுனா சரியாயிடும். கெட்டியான எண்ணெயை விட்டுட்டு மெல்லிசான துப்பாக்கி எண்ணெயை சொட்டு மட்டும் வெச்சதுல பாதி தொல்லை போச்சு.

ஈரத்தைப் பத்தி தனியாவே எழுதணும். ஐப்பசி கார்த்திகை மழைல கோத்தகிரில சுவரே வேர்க்கும், பீரோவுல வெச்ச செருப்புல பூசணம் பூக்கும். தொண்ணூறுகள்ல ஒரு மழைக்காலம் முழுக்க அப்பா பிஸ்டலை தோல் உறையிலயே வெச்சுட்டாரு. தோல் ஈரத்தை இழுத்து அப்படியே இரும்பு மேல புடிச்சு வெச்சுக்கும், எடுத்துப் பாத்தப்போ சிலைடோட இடது பக்கம் முழுக்க புள்ளி புள்ளியா துரு, அந்த தழும்பு இன்னும் இருக்கு. இப்போ உறை தனியா, பிஸ்டல் தனியா. எண்ணெய் தடவின காட்டன் துணில சுத்தி ஸ்டீல் பெட்டிக்குள்ள வெச்சு, கூடவே நீல சிலிக்கா ஜெல் பை ரெண்டு. அது ரோஸ் கலருக்கு மாறுனா தோசைக்கல்லுல லேசா சூடு காட்டி திரும்ப நீலமாக்கி வெக்கறாரு. 15 நாளைக்கு ஒரு தடவை எடுத்து துடைக்கறது அவருக்கு பூஜை மாதிரி. இதை செய்ய பொறுமை இல்லாதவங்க மலையில பழைய துப்பாக்கி வெச்சுக்க வேண்டாம், மனசார சொல்றேன்.

நம்மால தவிர்க்கவே முடியாத ஒரு ஈரமும் இருக்கு. தேர்தல் அறிவிச்சா லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷன்லயோ டீலர்கிட்டயோ ஒப்படைக்கச் சொல்லுவாங்க. சட்டசபை, பார்லிமெண்ட், உள்ளாட்சின்னு மாறி மாறி வரும், ஒவ்வொரு தடவையும் சில வாரம் நம்ம கையில இருக்காது. 2021-ல அப்படி ஒப்படைச்சது திரும்பி வந்தப்போ பேரலுக்குள்ள செம்பட்டையா தூசி மாதிரி படிஞ்சிருந்துச்சு, அப்பா அன்னைக்கு சாப்பிடாமலே உக்காந்து பிரஷ் போட்டாரு. அதுக்கப்புறம் ஒப்படைக்கறதுக்கு முன்னாடி பேரலுக்குள்ள தாராளமா எண்ணெய் விட்டு, ஈரம் புகாத கவர்ல போட்டு சீல் பண்ணி குடுக்கறோம், ரசீதுல நம்பர் சரியா இருக்கான்னு நின்னு பாத்துட்டுத்தான் வரோம். (திரும்ப வாங்குனதும் அந்த எண்ணெயை சுத்தமா துடைக்காம சுடக்கூடாது, அதையும் சொல்லிடறேன்.)

இப்போ முடிவை தீர்மானிச்ச விஷயத்துக்கு வரேன். அப்பா லைசென்ஸ்ல தோட்டா ஒரு நேரத்துல 50, வருஷத்துக்கு 100. ரேஞ்சுக்கு போனா 50 தோட்டா முக்கா மணி நேரத்துல தீந்துடும். அப்படின்னா வருஷத்துல ரெண்டே நாள். கை பழகணும்னு நெனைக்கறவனுக்கு இது எந்த மூலைக்கு? அருவங்காட்டுல வெள்ளைக்காரங்க காலத்துல ஆரம்பிச்ச கார்டைட் ஃபேக்டரி இருக்கே, பக்கத்துலயே தோட்டா கெடைக்குமேன்னு கீழ இருந்து வர்ற சொந்தக்காரங்க கேப்பாங்க, அங்க செய்யறது ராணுவத்துக்கு வேண்டிய உந்து மருந்து, நமக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. நம்ம தோட்டா கோயமுத்தூர் கடையில ஸ்டாக் வந்தாத்தான். மெடல் வாங்குன ஷூட்டர்களுக்கும், மேட்ச்ல தகுதி ஸ்கோர் எடுத்தவங்களுக்கும் தோட்டா கோட்டாவும் இறக்குமதியும் தனி விதி, பொழுதுபோக்குக்கு சுடற நம்ம அந்த வரிசைல வர மாட்டோம். சாதாரண ஆளுக்கு வெளிநாட்டு பிஸ்டல் இறக்குமதி 1980-கள்லயே நின்னு போனதால இந்த மாதிரி பழசுக்கு விலையும் ஏறிடுச்சு, ஸ்பிரிங்கோ, காலி ஷெல்லை இழுக்கற எக்ஸ்ட்ராக்டரோ போனா பார்ட்டும் கெடைக்காது, லேத்து தெரிஞ்ச நல்ல துப்பாக்கி ரிப்பேர்காரர் யாராவது கையால செஞ்சு குடுத்தாத்தான் உண்டு.

பேரு மாத்தறது நான் பயந்த அளவுக்கு இல்ல. 2016 ஆர்ம்ஸ் ரூல்ஸ் படி லைசென்ஸ்காரருக்கு 70 வயசு ஆயிட்டாலோ, துப்பாக்கி அவர்கிட்ட 25 வருஷம் இருந்திருந்தாலோ, அவர் உயிரோட இருக்கும்போதே வாரிசுக்கு மாத்த விண்ணப்பிக்கலாம். மத்த வாரிசுங்க ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் குடுக்கணும், சேஃப்டி ட்ரெய்னிங் சர்டிபிகேட் வேணும், மெடிக்கல், போலீஸ் விசாரணை, பூட்டி வெக்க எடம் இருக்குன்னு உறுதி, அப்பறம் ஊட்டி கலெக்டர் ஆபீஸுக்கு நாலு நடை. 2019 திருத்தத்துக்கு அப்பறம் லைசென்ஸ் 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிச்சா போதும், முன்னாடி 3 வருஷம். அதே திருத்தத்துலதான் ஒரு ஆள் வெச்சுக்கற எண்ணிக்கை 3-ல இருந்து 2-ஆ குறைஞ்சுது. எங்க வீட்ல ஒண்ணுதான், அதனால கவலையில்ல.

ரெண்டாவது வழி, புதுசா லைசென்ஸ் எடுத்து நம்ம நாட்டு ஆர்டினன்ஸ் ஃபேக்டரி ரிவால்வர் வாங்கறது. பாயிண்ட் 22-ல இஷாப்பூர் ஃபேக்டரில வந்த நிடர்ங்கற ரிவால்வர் கால் கிலோதான் வெயிட்டு. மேட்டுப்பாளையத்துல என் மச்சான் ஒருத்தர் சின்ன ரிவால்வர் வெச்சிருக்காரு, பண்டல் பண்டலா பணம் எடுத்துட்டுப் போற யாவாரம், அவருக்கு அது வேணும். டார்கெட் சுட ஆசைப்படறவங்களுக்கு இந்த வகையே வேண்டாம். குட்டைப் பேரல், கனமான ட்ரிகர், கையில நிக்காத லேசு, 10 மீட்டர்ல கூட மனசு விட்டுப் போகும். அதோட முடிச்சுக்கறேன்.

மூணாவது ஏர் பிஸ்டல், மருந்து இல்லாம காத்தழுத்தத்துல பெல்லட்ங்கற குட்டி ஈயக் குண்டைத் தள்றது. இதுலதான் நான் நிறைய கத்துக்கிட்டேன். குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மேல போகாம, 20 ஜூலுக்கும் மேல போகாம இருந்தா லைசென்ஸ் வேண்டாம், அடையாள அட்டை குடுத்து வாங்கிக்கலாம். மேட்ச் ஏர் பிஸ்டல் 6 ஜூல் பக்கம்தான் இருக்கும், அதனால எந்த வில்லங்கமும் இல்ல. வீட்லயே 10 மீட்டர் நீளம் இருந்தா போதும். நம்ம பக்கத்து பழைய எஸ்டேட் பங்களாவுல வராண்டாவே அவ்வளவு இருக்கும், தொழிலாளிங்களுக்கு வரிசையா கட்டுன லைன் வீடுன்னா பின்னாடி கொட்டகை. டார்கெட்டுக்கு பின்னால பழந்துணியும் ரப்பர் துண்டும் அடைச்ச கனமான மரப்பெட்டி வெச்சா பெல்லட் அங்கயே தங்கிடும். குறுக்க யாரும் வர முடியாத மாதிரி கதவைப் பூட்டிக்கணும், கண்ணுக்கு கண்ணாடி கட்டாயம், ஈயம் தொட்ட கையை சோப்பு போட்டு கழுவாம டீ கிளாஸைத் தொடக்கூடாது. ஏர் கன்தானேன்னு குருவி, அணில் மேல குறி வெக்கற பசங்க இருக்காங்க, அது 1972 வனவிலங்கு சட்டப்படி குற்றம், அதுக்கு மேல பாவம்.

சக்தி எங்க இருந்து வருதுங்கறதை வெச்சு இதுல மூணு வகை, மலையில ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி நடந்துக்குது. குன்னூர்ல ஒரு ஸ்கூல் வாத்தியார் சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) குப்பி போடற பிஸ்டல் வெச்சிருக்காரு, விலை கம்மி, சுட சுகமா இருக்கு. ஆனா சிஓ2 திரவமா இருந்து ஆவியாகி அழுத்தம் குடுக்கறது, 20 டிகிரில 57 பார் இருக்கற அழுத்தம் 10 டிகிரிக்கு வந்தா 45, பூஜ்யத்துல 35-தான். ஊட்டில உறைபனி விழற மார்கழி காலைல அவர் சுட்டப்போ பெல்லட் எல்லாம் கீழ கீழ விழுந்துச்சு, சைட்டைத்தான் முதல்ல திட்டினாராம். மத்தியானம் அதே சைட்டுல நடுவுல அடிச்சுது. வேகமா அடுத்தடுத்து சுட்டாலும் குப்பி தானே குளிர்ந்து இதே கதை. கொடைக்கானல், ஊட்டில இருக்கறவங்க சிஓ2 வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிங்க.

ஊட்டில ரிட்டையர்டு சுபேதார் ஒருத்தர், 70-ஐ நெருங்கறாரு, மேட்ச் கிளாஸ் பிஸ்டல் வெச்சிருக்காரு, 200 பார் காத்து அடைக்கற சிலிண்டர் வகை. விலை லட்சத்தைத் தாண்டும். ஆனா கையில எடுத்தவுடனே புரியுது ஏன் அவ்வளவு விலைன்னு. மரப்பிடி உள்ளங்கையை அப்படியே வாங்கிக்குது, ட்ரிகர் 500 கிராம், இழுத்தமா நெனைச்சமான்னே தெரியாது, அழுத்தத்தை ஒரே அளவுல வெக்கற ரெகுலேட்டர் இருக்கறதால முதல் ஷாட்டும் நூறாவது ஷாட்டும் ஒரே வேகம், குளிருக்கும் பெருசா அசையறதில்ல. இதோட எதிரி பனிமூட்டம். ஹேண்ட் பம்புல அடைச்சா மலைக் காத்துல இருக்குற ஈரமும் சேர்ந்து உள்ள போகும், 200 பாருக்கு அமுக்குனா அது தண்ணியா மாறி சிலிண்டருக்குள்ள தங்கி அரிக்கும். அவர் பம்பு வாய்ல ஈரம் உறிஞ்சற ஃபில்டர் மாட்டி, வெயில் அடிக்கற நாள் மத்தியானம் மட்டும்தான் அடைக்கறாரு. சிலிண்டருக்கு பத்து வருஷ ஆயுசுன்னு தேதி போட்டிருப்பாங்க, செகண்ட் ஹேண்டுல வாங்கறவங்க முதல்ல பாக்க வேண்டியது அந்தத் தேதியைத்தான்.

கடைசி வகை ஒத்தை அமுக்கு பம்ப். ஒரு தடவை நெம்புகோலை முழுசா இழுத்து மூடுனா ஒரு ஷாட்டுக்கு வேண்டிய காத்து அடைஞ்சுடும், குப்பி இல்ல சிலிண்டர் இல்ல. நான் வாங்குனது இதான், கோயமுத்தூர்ல ஒருத்தர்கிட்ட செகண்ட் ஹேண்டுல. ஒவ்வொரு ஷாட்டுக்கும் அளவு காத்து ஒண்ணே, குளிர்காலம் வெயில்காலம்னு பெரிய வித்தியாசம் பாக்கல. தொல்லை என்னன்னா சுடற கையையே நெம்பவும் பயன்படுத்தறதால முப்பது ஷாட்டுக்கு மேல தோள் கனத்துடும், அப்போ டார்கெட்ல தெரியும். நான் நெம்பறதுக்கு இடது கையைப் பழக்கிக்கிட்டேன், இப்போ 40 வரைக்கும் நல்லா போகுது. பம்பு சீலை வருஷத்துக்கு ஒரு தடவை பாத்துக்கணும், வேற செலவே கெடையாது, 500 பெல்லட் டின் ஒண்ணு ரெண்டு மாசம் வருது.

இதுல ஒண்ணு நிறைய பேர் நம்ப மாட்டேங்கறாங்க, ஏர் பிஸ்டல்தான் கஷ்டம். 10 மீட்டர் டார்கெட்ல பத்து பாயிண்ட் வட்டம் வெறும் 11.5 மில்லிமீட்டர், சட்டை பட்டன் அளவு. பெல்லட் மெதுவா போறதால ட்ரிகர் இழுத்த பின்னாடியும் கை அசையாம நிக்கணும். பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல 2024-ல மனு பாக்கர் வெண்கலம் வாங்குனது இந்த 10 மீட்டர்லதான், அதே ஆளு 25 மீட்டர் பாயிண்ட் 22 பிஸ்டல்ல நாலாவது வந்தாங்க. ரெண்டும் ஒரே கை பழக்கத்துல இருந்து வர்றது. எட்டு மாசம் வீட்ல ஏர் பிஸ்டல் சுட்டுட்டு போய் அப்பா பிஸ்டலை மறுபடி கிளப்புல சுட்டேன், பரவல் பாதியா குறைஞ்சிருந்துச்சு, தோட்டா ஒண்ணு கூட அதுக்காக செலவாகல.

நாலாவது கிளப். கோத்தகிரில இருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், அங்க இருந்து கோயமுத்தூர் அதே அளவு, மலை இறங்கி ட்ராஃபிக் தாண்டி போக ரெண்டு மணி நேரம். மழைல மண் சரிஞ்சா அந்த வாரம் போச்சு. இருந்தாலும் மெம்பர் ஆயிட்டா கிளப் துப்பாக்கியை அங்கயே வெச்சு கோச் கண்ணெதிர்ல சுடலாம், நமக்கு தனி லைசென்ஸ் வேண்டாம், தோட்டா கிளப் கணக்குல வரும். நான் போற எடத்துல ஒரு பார்டினியும் பழைய வால்தர் ஜிஎஸ்பியும் இருக்கு, ரெண்டுமே டார்கெட்டுக்குன்னே செஞ்ச பாயிண்ட் 22 பிஸ்டல். ரெண்டுலயும் மேகஸின் பிடிக்குள்ள இல்லாம ட்ரிகருக்கு முன்னால இருக்கும், பேரல் கைக்கு நல்லா தாழ்ந்து நிக்கும், சுட்டா மூக்கு மேல தூக்காது, அடுத்த ஷாட்டுக்கு கண்ணு அங்கயே இருக்கும். பாக்கெட் பிஸ்டலுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம் சொன்னா புரியாது, ஒரு மேகஸின், அஞ்சே அஞ்சு தோட்டா சுட்டாப் போதும். பாயிண்ட் 22 ஆசை இருக்கற யாரா இருந்தாலும் சொந்தமா ஒண்ணுக்கு அலையறதுக்கு முன்னாடி மூணு மாசம் இப்படி கிளப்ல சுட்டுப் பாருங்க, பாதி பேருக்கு அந்த அலைச்சலே தேவைப்படாது.

அதனால நான் எடுத்த முடிவு இதான். வாரா வாரம் சுடறதுக்கு வீட்ல ஏர் பிஸ்டல். மாசத்துக்கு ஒரு தடவை முடிஞ்சா கிளப்ல பாயிண்ட் 22. யாராவது ஒண்ணே ஒண்ணு சொல்லுன்னு கேட்டா ஒத்தை அமுக்கு ஏர் பிஸ்டல்தான் சொல்லுவேன், பணம் இருக்கறவங்க சிலிண்டர் வகை, ஃபில்டரோட.

அப்பாவோட பிஸ்டலை டீலர்கிட்ட குடுக்கல. என் பேருக்கும் மாத்தல. ஃபார்மெல்லாம் வாங்கி நிரப்பி வெச்ச அப்பறம்தான் ஒரு விஷயம் உறைச்சுது, பேரு மாறிட்டா அது என் லைசென்ஸ், அதுக்கப்பறம் அப்பா அதை தன் இஷ்டத்துக்கு எடுத்து துடைக்கக் கூட முடியாது, சுடறது இருக்கட்டும். இத்தனை வருஷமா அதை எடுத்து துடைச்ச கை அது. அவர் லைசென்ஸ் 2028 வரைக்கும் இருக்கு, கண்ணு நல்லா தெரியுது, கை நடுக்கம் இல்ல. அதனால ஃபார்ம் அலமாரிலயே இருக்கட்டும்னு விட்டுட்டோம். வருஷத்துக்கு 100 தோட்டா, ரெண்டு நாள், மாசில ஒண்ணு, மழைக்கு முன்னாடி வைகாசில ஒண்ணு, நான் வண்டி ஓட்டறேன், அவர் தன்னோட அம்பதை சுடறாரு, நான் பக்கத்து லேன்ல கிளப் பிஸ்டலோட. போன மாசில 5 தோட்டாவும் அந்த சாஸருக்குள்ளயேதான் விழுந்துச்சு.